மூன்று போட வேண்டிய குரல்

கடிதத்தின் முதல் பத்தியைப் படித்ததுமே வைமோனா கெஃபுவுக்குக் காதுமடல் சூடேறிவிட்டது. அவசரமில்லை, பரிசோதனைக்கு இப்போது ஏற்க இயலாது, தேவைப்பட்டால் குடும்ப மருத்துவர் மீண்டும் எழுதட்டும். விஷயம் அவ்வளவுதான். கீழே காது மூக்கு தொண்டைப் பிரிவின் தலைமை அறுவை மருத்துவர் ஹார்க்னெஸ்ஸின் கையெழுத்து. இரண்டாம் பத்தியைப் படிக்க அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை. தாளை மேசைமேல் வீசிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

கடிதம் யாரைப் பற்றியதோ அந்தப் பெண் அப்போதுதான் அறையை விட்டுப் போயிருந்தாள். ஃபூசி லாட்டு என்று பெயர். ஐம்பத்து நான்கு வயது. ஓட்டாஹூஹூவில் ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவைக் கூடத்தில் வேலை. மாங்கெரேயில் டோங்கா தீவுக்காரர்களின் தேவாலயத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள். மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்ளும்வரை கூரையைத் தனியாகத் தாங்குவது அவள் குரல்தான். சிகரெட்டைத் தொட்டதில்லை. தொண்டை கட்டி எட்டு மாதம் ஆகிவிட்டது.

அன்று வந்தவள் உட்கார்ந்ததும் சிரித்தாள். "எம் புருஷனுக்குத்தான் கொண்டாட்டம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பத்தான் அவர் பேசறது அவருக்கே கேக்குதாம்." சிரிப்பு பாதியிலேயே காற்றாகப் போய்விட்டது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மூச்சை இழுத்து "ஆ" என்று நீட்டச் சொன்னாள் வைமோனா. நான்கு நொடிகூடத் தாங்கவில்லை. கிளம்பும்போது ஃபூசி வலது காதைத் தேய்த்துக்கொண்டே, இரண்டு வாரமாகக் காதுக்குள் குத்துகிறது, கூடத்து இயந்திரச் சத்தத்தால் இருக்குமோ என்று கேட்டாள். ஒருபக்கக் காதுவலியும் ஆறாத கரகரப்பும் ஒன்றாக வந்தால் உடனே தொண்டைக்குள் பார்த்தாக வேண்டும் என்பது குரல் சிகிச்சைத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும்.

ஹார்க்னெஸ்ஸின் அலுவலகத்தில் எடுத்த பெண்ணிடம் வைமோனா மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். எட்டு மாதமாகக் குரல் இல்லாத ஒருத்தியை எப்படி அவசரமில்லை என்று தள்ளலாம், எதை வைத்து முடிவெடுத்தார்கள், தொண்டைக்குள் ஒரு கண்ணாடியாவது விட்டுப் பார்த்தார்களா. எதிர்முனைக்குப் பழக்கம் போலிருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடிதத்தின் இரண்டாம் பத்தியை அப்படியே படித்துக் காட்டினாள்.

"குரல் மாற்றம் மிகக் குறைந்த அளவே என்று பேச்சுச் சிகிச்சையாளர் மதிப்பிட்டிருக்கிறார். இத்தகைய உரத்த, சற்றே கரகரப்பான குரல் நோயாளியின் சமூகப் பெண்களிடம் வழக்கமாகக் காணப்படுவதே என்று, அதே சமூகத்தைச் சேர்ந்த அந்தச் சிகிச்சையாளரே குறிப்பிட்டிருக்கிறார்."

படித்து முடித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள். "அந்த ரிப்போர்ட்ல வி. கெஃபுன்னு கையெழுத்து இருக்கு. அது நீங்கதானே?"

வைமோனா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மே மாதத்தில்தான் அந்த அறிக்கையை எழுதியிருந்தாள். மருத்துவமனை ஃபூசியை நேராக ஏற்காமல், முதலில் குரலை மதிப்பிட்டு அனுப்புங்கள் என்று இவளிடம் தள்ளிவிட்டிருந்தது. மதிப்பிடுவதென்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. உயிரெழுத்தை நீட்டச் சொல்வார்கள், ஆறு வாக்கியம் படிக்கச் சொல்வார்கள், பிறகு ஊர்க்கதை பேசவிடுவார்கள். கேட்பவர் கரகரப்பு எவ்வளவு, காற்றுக் கசிவு எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, மொத்தத்தில் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை ஓர் எண் போடுவார். பூஜ்யமென்றால் குறையில்லை. மூன்றென்றால் கடுமை. கணினி கோடு வரைந்து காட்டும், ஆனாலும் கடைசியில் பேசுவது காதுதான். பதினெட்டு வருஷ அனுபவமுள்ள வைமோனாவின் காதை அந்த மருத்துவமனையில் யாரும் சந்தேகித்ததில்லை. மொத்தத்தில் ஒன்று என்று போட்டிருந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு மே மாதப் பதிவைக் கண்டுபிடித்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "ஆ" தொடங்கியது. முதல் நொடியிலேயே காற்று பிய்ந்துகொண்டு போனது. நடுவில் குரல் இரண்டாகப் பிளந்து, அடியில் தகரத்தை இழுப்பதுபோல் ஏதோ உராய்ந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை. அது ஒன்று இல்லை. எந்தக் கேடுகெட்ட காதுக்கும் அது ஒன்று இல்லை.

அன்று தன் காதில் என்ன விழுந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. ஃபூசி கதவைத் திறந்து வணக்கம் சொன்னதுமே, தேவாலய மாநாட்டு வாரம் முழுக்கப் பாடித் தேய்ந்த பெண்களின் குரலைத்தான் கேட்டாள். அவள் அம்மாவின் குரல், பெரியம்மாக்களின் குரல், சமையற்கூடத்தில் தேங்காய்ப்பாலைப் பிழிந்துகொண்டே அடுத்த கட்டடம்வரை அதட்டும் குரல். வெள்ளைக்காரச் சகாக்கள் அந்தக் குரல்களை நோய் என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்திருந்தது. எங்கள் பெண்களுக்குக் குரல் உரக்கத்தான் இருக்கும், அதற்கு மருந்து கிடையாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டவள் அவள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருஷந்தோறும் அதைப் பற்றி வகுப்பே எடுத்தாள். அந்த வீம்பு ஃபூசிக்கும் அவள் காதுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹார்க்னெஸ் அவள் வாக்கியத்தைத் திருடவில்லை. அவள் தூக்கிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

அவர்மேல் இருந்த கோபம் இதனால் ஒரு பிடிகூடக் குறையவில்லை. அதன்மேல் தன்மீதான கோபமும் ஏறி உட்கார்ந்தது.

தன் காதை இனி நம்ப முடியாது, யார் குரலென்று தெரிந்துகொண்டு கேட்கிற காது எதையும் கேட்கும் என்று அவளுக்குப் பட்டது. பெயரையும் தேதியையும் அழித்துப் பத்துப் பதிவுகளைத் தாறுமாறாக அடுக்கினாள். ஃபூசியின் மே மாதக் குரல் நான்காவதாகவும், யாரும் எதிர்பாராமல் மறுபடி ஒன்பதாவதாகவும் இருந்தது. பேச்சுச் சிகிச்சைப் பிரிவின் தலைவி ஹெதரையும் இன்னும் இரண்டு சிகிச்சையாளர்களையும் மதிய இடைவேளையில் பிடித்து உட்கார வைத்தாள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, யாருடைய குரல் என்று கேட்கக் கூடாது. சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே மூவரும் எண் போட்டார்கள்.

நான்காவதற்கு மூன்று, மூன்று, இரண்டு. ஒன்பதாவதற்கு மூவருமே மூன்று.

ஹெதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "நாலும் ஒம்பதும் ஒரே ஆள்தானே? யாரு இவங்க? தொண்டையைப் பாத்தாச்சா?"

வைமோனா எல்லாவற்றையும் சொன்னாள். மற்ற இருவரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். ஹெதர் மோசமானவள் இல்லை. தன் ஆட்களுக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பவள், அதனால்தான் ஒரு வழி சொன்னாள். இன்றைய பதிவை வைத்து, குரல் மோசமாகியிருக்கிறது என்று புதிதாக ஓர் அறிக்கை எழுதினால் போதும், ஹார்க்னெஸ் பார்த்தே ஆக வேண்டும், காரியம் நடந்துவிடும் என்றாள்.

"மே மாசத்தை இப்ப எதுக்கு கிளறணும், வை? நோயாளிக்கு வேண்டியது டெஸ்ட். அது கிடைக்கப்போகுது. உன் பதினெட்டு வருஷத்தை எதுக்கு நீயே போட்டு உடைக்கணும்?"

"மோசமாயிருக்குன்னு எழுதினா, மே மாசத்துல நல்லா இருந்துச்சுன்னு ஆகும். அது பொய்."

"பொய்ன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

"அதான் எனக்கு எரியுது ஹெதர். யாரும் சொல்லமாட்டாங்க."

அன்றே திருத்த அறிக்கை எழுதினாள். மே மாதத்தில் தான் போட்ட மதிப்பெண் தவறு, அதற்கு இரண்டு வரியில் தான் சொன்ன காரணமும் தவறு, மூன்று பேர் பெயர் தெரியாமல் கேட்டுப் போட்ட எண்கள் இவை. அதை அச்செடுத்துக்கொண்டு, தபாலில் விடாமல், மறுநாள் காலை ஹார்க்னெஸ்ஸின் வெளிநோயாளர் அறைக்கே போனாள். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கதவு திறந்த இடைவெளியில் உள்ளே நுழைந்துவிட்டாள்.

ஹார்க்னெஸ் உயரமான மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசினால் எதிராளி களைத்துப்போவார் என்று தெரிந்தவர். இப்படி நடுவில் வரக் கூடாது, வழி இருக்கிறது என்றார். தாளில் பெயரைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"நீங்கதானே எழுதினீங்க? வழக்கமான குரல்னு."

"ஆமா. நான்தான் எழுதினேன். அது தப்பு. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன்."

"அப்போ நான் உங்களை நம்பினது தப்புன்னு சொல்றீங்க."

"நீங்க என்னை நம்பல டாக்டர். நாலு பக்கம் எழுதியிருந்தேன். பாடறவங்க, மாசக்கணக்கா தொண்டை கட்டியிருக்கு, மருந்து கேக்கல, எல்லாம் அதுல இருக்கு. உங்களுக்குத் தோதான ரெண்டு வரியை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. நான் காதால கேட்டுத் தப்புப் பண்ணேன். நீங்க கேக்காமலே பண்ணீங்க."

வெளியே ஒரு நர்ஸ் எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். ஹார்க்னெஸ் தன் காத்திருப்போர் வரிசையைப் பற்றிச் சொன்னார். எத்தனை நூறு பேர், எத்தனை மருத்துவர்கள், யாரையாவது பின்னால் தள்ளித்தானே ஆக வேண்டும் என்றார். அதெல்லாம் உண்மை என்று வைமோனாவுக்குத் தெரியும். பின்னால் தள்ளப்படுகிறவர்கள் எப்போதும் எந்தப் பேட்டையிலிருந்து வருகிறார்கள் என்பதும் தெரியும். பையிலிருந்த பதிவுக் கருவியையும் ஹெட்போனையும் எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"மே மாசப் பதிவு இது. பதினஞ்சு செகண்ட் கேளுங்க. கேட்டுட்டு, அவசரமில்லன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. போயிடறேன்."

அவளை வெளியே அனுப்பும் வேகத்துக்காகத்தான் மாட்டிக்கொண்டார் என்று அவளுக்குப் பட்டது. "ஆ" ஓடி முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. தானே கையை நீட்டி மறுபடி ஓடவிட்டார்.

"புகை?"

"கிடையாது."

"காதுவலி?"

"வலது பக்கம். ரெண்டு வாரமா."

"நாளைக்குக் காலைல எட்டரைக்குக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நடைவழியில் திரும்பி வரும்போது வைமோனாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினைந்து நொடி போதுமாக இருந்தது என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது. அந்தப் பதினைந்து நொடி மே மாதத்திலிருந்து அவள் கணினியிலேயே கிடந்தது.

மூக்கு வழியாக விட்ட கேமராவில், வலது குரல்நாணின்மேல் வெள்ளையும் சிவப்புமாக ஒரு வளர்ச்சி தெரிந்தது. நாண் ஏறக்குறைய அசையவே இல்லை. சதையெடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. குரல்வளையை எடுக்க வேண்டியிருக்கலாம், முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம், ஏழு வாரம் என்றார்கள். மே மாதத்தில் பார்த்திருந்தால் என்று வைமோனா ஹார்க்னெஸ்ஸிடம் கேட்டாள். சொல்ல முடியாது என்றார். திரையைத் திரும்பிப் பார்த்து, "நாண் அப்போ அசைஞ்சிருக்கலாம்" என்றார். நாண் அசையாது போனால் நோய் ஆழமாக இறங்கிவிட்டதென்று அர்த்தம், அது இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை வைமோனா ஃபூசியின் வீட்டுக்குப் போனாள். போகுமுன் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மெல்லிய பாயை எடுத்தாள். தலைமுறை தாண்டி வந்த பாய், துணிபோல் மடியும். பெரிய தவறு செய்தவர்கள் அப்படி ஒன்றைக் கொண்டுபோய் முன்னால் வைத்துத் தரையில் உட்காருவது டோங்காக்காரர்களிடம் உண்டு. அதை மறுக்க யாருக்கும் எளிதில் மனம் வராது.

ஃபூசி முன்னறையில் சோபாவில் இருந்தாள். கணவர் தர்ப்பூசணியையும் தேங்காய்ப்பாலையும் கலந்து ஒரு குவளை கொண்டுவந்து வைத்தவர், வைமோனா தரையில் உட்கார்ந்ததைக் கண்டதும் பின்கட்டுக்குப் போய்விட்டார். வைமோனா பாயை விரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். மே மாதத்தில் கேட்டது, போட்டது, எழுதியது, ஏன் எழுதினாள் என்பது. எதையும் பூசிமெழுகவில்லை. ஃபூசியின் கண்ணில் நீர் வரவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"அந்தப் பாயைச் சுருட்டு," என்றாள். குரல் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

"அக்கா..."

"சுருட்டுன்னேன். பாயை வாங்கிட்டா பேச்சு அத்தோட முடிஞ்சிரும். பாதிரியார்லேருந்து எல்லாரும் வந்து, அவதான் மன்னிப்புக் கேட்டாளேம்மான்னு சொல்லுவாங்க. எனக்கு முடியல. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

வைமோனா சுருட்டினாள். ஃபூசி மூச்சை மீட்டுக்கொண்டு தொடர்ந்தாள்.

"வெள்ளக்கார டாக்டர் அப்படிச் சொன்னா எனக்குப் புரியும். அவனுக்கு நம்ம சத்தமே காதுல ஏறாது. நீ ரெண்டு தெரு தள்ளிப் பொறந்தவ. எங்க பாட்டையெல்லாம் கேட்டு வளந்தவ. உனக்குமா தெரியல, இது எங்குரல் இல்லன்னு?"

வைமோனா தலையைக் குனிந்துகொண்டாள். அதுவும் ஃபூசிக்குப் பிடிக்கவில்லை.

"அழுதா எழுந்து போயிடு. அழாம இருந்தா ஒரு பேப்பர் எடு. எழுதத் தெரியுமே உனக்கு, நல்லா எழுதியிருந்தியே. அதே மாதிரி இன்னொன்னு எழுது. ஆஸ்பத்திரிமேல புகார். முதல் பேரு உன் பேரு. ரெண்டாவது அந்த டாக்டர்."

அந்த முன்னறையில் இரண்டு மணி நேரம் ஃபூசி சொல்லச் சொல்ல வைமோனா தன்மேலேயே புகார் எழுதினாள். ஃபூசி ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டச் சொன்னாள். ஓரிடத்தில், சிகிச்சையாளரின் கவனக்குறைவால் என்று வைமோனா எழுதியிருந்தாள்.

"அதை அடி," என்றாள் ஃபூசி. "கவனக்குறைவு இல்ல. நீ நல்லாத்தான் கவனிச்ச. கவனிச்சது என்னை இல்ல."

அடித்துவிட்டு, சிகிச்சையாளர் நோயாளியின் குரலைக் கேட்காமல் தன் சமூகத்தைப் பற்றிய தன் கருத்தைக் கேட்டார் என்று எழுதினாள். ஃபூசி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிவிட்டு, இருக்கட்டும் என்றாள். கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

புகார் போனதும் ஹெதர் மூன்று நாள் வைமோனாவிடம் பேசவில்லை. பேசியபோது, நீ நேர்மையாக இருக்க விரும்பினால் உன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே, இப்போது பிரிவையே நோண்டுகிறார்கள் என்று கத்தினாள். வைமோனாவும் பதிலுக்குக் கத்தினாள். நோண்டட்டும், நோண்ட வேண்டியதுதான், எத்தனை ஃபூசிகளுக்கு ஒன்று போட்டேன் என்று எனக்கே தெரியாது என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கு உறைத்தது. அந்த வாரமே மூன்று வருஷத்துப் பழைய பதிவுகளை எடுத்து, தீவுப் பெண்களின் குரல்களையெல்லாம் பெயரழித்து மற்றவர்களைக் கேட்க வைத்தாள். இரண்டு பேருக்கு எண் மாறியது. இருவரையும் கூப்பிட்டுத் தொண்டையைப் பார்த்ததில் ஒருத்திக்கு ஒன்றுமில்லை, இன்னொருத்திக்கு ஒரு சாதாரணக் கட்டி. கும்பிடாத சாமியையெல்லாம் அன்று கும்பிட்டாள்.

விசாரணை முடிய நான்கு மாதம் ஆனது. மருத்துவமனை ஃபூசிக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. ஆறு மாதத்துக்கு வைமோனா போடும் ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் தனியாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அறிக்கையோடு குரல்பதிவும் போக வேண்டும், அதைக் கேட்காமல் எந்த மருத்துவரும் தள்ளக் கூடாது என்று விதி வந்தது. ஹார்க்னெஸ் அதற்குக் கையெழுத்திட்டார். நடைவழியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். வைமோனாவுக்கு அந்தத் தலையசைப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், பதிலுக்குத் தானும் அசைப்பாள்.

கதிர்வீச்சில் வளர்ச்சி கரைந்தது. குரல்வளையை எடுக்க வேண்டியிருக்கவில்லை, இதுவரை. ஃபூசிக்கு எடை பதினான்கு கிலோ குறைந்தது, எச்சில் வற்றிவிட்டது, கிழங்கை விழுங்கக் குழம்பு வேண்டியிருந்தது. குரல் ஒரு மாதிரித் திரும்பியது. வறண்ட, தாழ்ந்த குரல். தேவாலயத்தில் பாட்டை எடுத்துக் கொடுக்க வேறொருத்தி வந்துவிட்டாள். ஃபூசி கடைசி வரிசையில் ஆண்களுக்குப் பக்கத்தில் நின்று அடிக்குரலில் பாடுவதாகவும், அந்தப் புதியவள் சுருதி ஏறினால் திரும்பி முறைப்பதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள். குரல் பயிற்சிக்கு அவள் வைமோனாவிடம் வரவில்லை. வேறு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஹெதரிடம் போனாள். காத்திருக்கும் இடத்தில் வைமோனா கடந்து போனால் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள்.

மறு வருஷம் மார்ச் மாதத்தில் மெலனைடே என்றொரு பெண் முன்னறிவிப்பில்லாமல் வைமோனாவின் அறைக்கு வந்து நின்றாள். அதே சலவைக் கூடத்தில் வேலை. தொண்டை கட்டியிருந்தது. குடும்ப மருத்துவர் கடிதம் எதுவும் கையில் இல்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு ஃபூசி என்றாள்.

"ஹெதர்கிட்ட போகட்டுமான்னு கேட்டேன். வேணாம், நேரா அவகிட்ட போன்னாங்க." மெலனைடே கொஞ்சம் தயங்கினாள். "'அவமேல எனக்கு இன்னும் கோவம் போகலடி, போகவும் போகாது, ஆனா இப்ப அவளை மாதிரி பயந்து கேக்கறவ அந்த ஆஸ்பத்திரியில இல்ல'ன்னு ஃபூசி சொன்னாங்க. இதையும் சொல்லச் சொன்னாங்க."

வைமோனா நாற்காலியை இழுத்துப் போட்டு, எத்தனை வாரமாக இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஐந்து வாரம் என்றாள் மெலனைடே.